அருவிக்குக் கிடைத்த வாய்தா

'வாய்தா வக்கீல்' என்பது எங்கள் தொழிலில் வசவு. கட்சிக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். கோர்ட் வாசல் டீக்கடையில் சொல்வார்கள். இருபத்துச் சொச்சம் வருஷத்தில் நானும் வாங்கியிருக்கிறேன், சில சமயம் நியாயமாகவே. ஆனால் வாய்தாவை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு ஒரு வழக்கு ஞாபகம் வந்துவிடும். அதில் ஓர் ஆறு பிழைத்தது நாங்கள் வாதாடியதால் பாதி, காலம் கடந்துபோனதால் பாதி. எது பெரிய பாதி என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை.

அதிரப்பள்ளி வழக்கு. தமிழ்நாட்டில் அந்த அருவியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'புன்னகை மன்னன்' படத்தில் கமலும் ரேகாவும் குதிக்கிறார்களே, அதுதான். எங்கள் பக்கத்து ஆட்கள் இன்றும் 'புன்னகை மன்னன் ஃபால்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு ஊர் பொள்ளாச்சிப் பக்கம். மாமா எர்ணாகுளத்தில் மர வியாபாரம் செய்தார். (எல்லாம் பர்மா தேக்கு, ஒரு துண்டுகூட நம் காட்டு மரம் இல்லை என்று சத்தியம் செய்வார்.) அவர் வீட்டில் தங்கிச் சட்டம் படித்து, அங்கேயே ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். 2005இல் நான்காம் வருஷ ஜூனியர். அதிரப்பள்ளி அணைக்கு அனுமதி கொடுத்ததை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் சில மனுக்கள் தாக்கலாயின. சாலக்குடிப் புழை பாதுகாப்புச் சமிதி ஒரு பக்கம், வாழச்சால் காடர் பழங்குடிக் குடியிருப்பின் கீதா ஒரு பக்கம் என்று பலர் அதில் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஓரமாக, கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் ஓடிய ஜூனியர்களில் ஒருவன் நான். அதற்கு மேல் பெருமை எனக்கு வேண்டாம்.

திட்டம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பதுபோல அருவியை இடிப்பதோ மூழ்கடிப்பதோ அல்ல. சாலக்குடி ஆற்றில் முதலில் வாழச்சால் சரிவு வரும். அங்கிருந்து 5 கிலோமீட்டர் கீழே அதிரப்பள்ளி, ஏறத்தாழ 80 அடி உயரம். வாழச்சாலுக்கு 400 மீட்டர் மேலே 23 மீட்டர் உயரம், 311 மீட்டர் நீளத்தில் ஓர் அணை. அணைத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய், அருவிக்குக் கீழே கண்ணங்குழியில் மின்நிலையத்தில் இறக்கி மறுபடி ஆற்றில் விடுவார்கள். மொத்தம் 163 மெகாவாட். ஆறு மேலே இருக்கும், கீழேயும் இருக்கும்; நடுவில் இரண்டு அருவிகள் உள்ள துண்டை மட்டும் தாண்டிப் போய்விடும். பைபாஸ் வந்த பிறகு ஊருக்குள் பஸ் வராத கதைதான்.

மின்வாரியம் அதற்கும் பதில் வைத்திருந்தது. அருவிக்காக விநாடிக்கு 7.65 கன மீட்டர் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்போம், அதிலும் அணையடியில் 3 மெகாவாட் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அந்தப் பொறியாளர்களை வில்லனாக்க எனக்கு மனம் வராது. கேரளத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மின்சாரத் தேவை எகிறும். அந்த நாலைந்து மணி நேரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்து ஓட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த ஆற்றில் ஏற்கெனவே ஆறு அணைகள். மேலே பெரிங்கல்குத்து மின்நிலையம் ஓடினால்தான் அருவிக்குக் கோடையில் தண்ணீரே வரும். கீழே தும்பூர்முழி தடுப்பணையை நம்பி வயல்களும் பஞ்சாயத்துகளின் குடிநீரும். தண்ணீர் இரவில் மொத்தமாக வந்து பகலில் நின்றுபோனால் வாய்க்கால் என்ன செய்யும்? இதை எங்களிடம் முதலில் சொன்னது சூழலியல்காரர்கள் அல்ல, பாசனக்காரர்கள்.

காட்டுக் கணக்கு தனி. 138 ஹெக்டேருக்கு மேல் வன நிலம், அதில் 104 ஹெக்டேர் தண்ணீருக்கு அடியில். கேரளத்தில் உள்ள நான்கு வகை இருவாச்சிகளும் ஒருசேரக் காணக் கிடைக்கும் காடு அது. இன்னொன்றும் கட்டில் இருந்தது. எழுபது வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு சிறிய காட்டு ஆமையை 1982இல் சாலக்குடிக் காடுகளில் காடர்களின் துணையோடு மீண்டும் கண்டெடுத்தவர் மெட்ராஸ் பாம்புப் பண்ணையில் தொடங்கிய விஜயா என்ற இளம்பெண். அவர் 1987இலேயே இறந்துவிட்டார். பின்னாளில் அந்த ஆமையின் பேரினத்துக்கே 'விஜயாகெலிஸ்' என்று அவர் பெயரை வைத்தார்கள். தமிழ்நாட்டில் அவருக்கு ஒரு தெருப் பெயராவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

பிரமாணப் பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்க என்னை வாழச்சாலுக்கு அனுப்பினார்கள். அலுவலகத்தில் எனக்குத்தான் தமிழ் தெரியும் என்பது காரணம். காடர்கள் பேசுவது நம் காதுக்குத் தமிழும் மலையாளமும் பின்னிக்கொண்டதுபோல ஒலிக்கும். அவர்களின் சொந்தபந்தங்கள் வால்பாறைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். நான் ஊருக்கு வந்திருந்த சமயம் அது. சாலக்குடி சுற்றாமல், வால்பாறை வழியாக மலக்கப்பாறை சோதனைச் சாவடியைத் தாண்டி, காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் பஸ்ஸில் போனேன்.

ஓர் அம்மாவிடம் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். பிரமாணப் பத்திரத்தின் முதல் வரியில் பெயர், வயது, கணவர் பெயர், தொழில், விலாசம் நிரப்ப வேண்டும். வயது கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, பெரிங்கல்குத்து டேம் கட்டிக்கொண்டிருந்தபோது பிறந்ததாகச் சொன்னார். கல்யாணம்? சோலையாறு டேம் வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு. அவருடைய அம்மா வீட்டு ஆட்கள் முதலில் இருந்தது எங்கே? பரம்பிக்குளத்தில், அங்கேயும் டேம் வந்தது. நான் பேனாவை வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டேன். பெரிங்கல்குத்து ஓடத் தொடங்கியது 1957. கேரள சோலையாறு 1966. ஆக வயது 'சுமார் 50' என்று எழுதினேன். கல்யாணக் கணக்கு அதற்கு ஒத்துவந்தது. தொழில் என்ற இடத்தில் அலுவலகத்திலேயே 'கூலி' என்று டைப் அடித்து அனுப்பியிருந்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. தேன், குங்கிலியம், மீன் என்று வரிசையாகச் சொல்ல, அடித்து எழுதி ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

பிறகு சடங்கு. பத்திரம் ஆங்கிலத்தில். சட்டப்படி, ஆங்கிலம் தெரியாதவருக்கு அவர் மொழியில் முழுக்கப் படித்துச் சொல்லி, புரிந்துகொண்டார் என்று சான்று எழுதிய பிறகே கையெழுத்து வாங்கலாம். ஆறு பக்கம். ஒவ்வொரு பத்தியாகச் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, அப்படி இல்லை என்று திருத்தினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. ஆறு பக்கத்துக்கு இந்த அம்மாவின் சம்மதம் வாங்க இத்தனை பாடு. அவர் குடியிருப்பையே தொடப்போகிற அறிக்கையை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினார்களா?

எர்ணாகுளம் போனதும் உற்சாகமாக வரைவு எழுதினேன். முதல் பக்கம் முழுக்க அருவி. வெள்ளிச் சரடு, பனிப்புகை என்றெல்லாம் எழுதியிருந்ததாக ஞாபகம். சீனியர் படித்தார். சிவப்புப் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரே கோடு.

"எடோ, அருவி அழகா இருக்குன்னு எதிர்த்தரப்பும் ஒத்துக்குவான். அவனும் குடும்பத்தோட போய் ஃபோட்டோ எடுத்துட்டு வந்தவன்தான். ஒத்துக்கிற விஷயத்தை எதுக்கு வாதாடறே?"

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய தீர்ப்பை எடுத்துப் போட்டார். சைலன்ட் வேலி வழக்கு. இதே உயர் நீதிமன்றம் 1980 ஜனவரியில் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்துவிட்டது. அணை வேண்டுமா காடு வேண்டுமா என்பது அரசு தீர்மானிக்க வேண்டிய விஷயம், நாங்கள் அதற்குள் இறங்க மாட்டோம் என்பது சாரம். சைலன்ட் வேலி பிழைத்தது கோர்ட்டில் அல்ல, டெல்லியில். 1984இல் தேசியப் பூங்காவானது. பாதிப் பேர் அதைக் கோர்ட் காப்பாற்றியதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அன்றுவரை அப்படித்தான்.

"தேதிப் பட்டியல் போடு" என்றார் சீனியர்.

போட்டேன். 1996இல் ஒரு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை; பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் தயாரித்தது. 1997 ஏப்ரலில் மத்திய அரசு விதியைத் திருத்தி, இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம் என்றது. 1998 ஜனவரி 20இல் கருத்துக் கேட்பு இல்லாமலே அனுமதி. அதை எதிர்த்துப் போன வழக்கில் 2001 அக்டோபர் 17இல் உயர் நீதிமன்றம், கருத்துக் கேட்பு நடத்தி மறுபரிசீலனை செய்யச் சொன்னது. (அதே தீர்ப்பில், இருக்கிற பழைய நீர்மின் நிலையங்களைப் பழுதுபார்த்து முழுத் திறனுக்கு ஓட்டுங்கள், மின்திருட்டையும் கம்பி வழி இழப்பையும் நிறுத்துங்கள் என்றும் சொன்னார்கள். அந்தப் பகுதியைப் பிறகு யாரும் மேற்கோள் காட்டிக் கேட்டதில்லை. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.) 2002 பிப்ரவரி 6இல் திருச்சூரில் கருத்துக் கேட்பு. பழைய அறிக்கை போதாது என்று அங்கே எதிர்ப்பு. அதன் பிறகு மத்திய அரசு நிறுவனமான வாப்காஸ் புதிய அறிக்கை தயாரித்தது. 2005 பிப்ரவரி 10இல் மறுபடி அனுமதி.

பட்டியலைச் சீனியர் மேசையில் வைத்தேன். அவர் விரலை இரண்டு தேதிகளுக்கு நடுவில் வைத்து, "இதுதான் வழக்கு" என்றார்.

மக்களிடம் கேட்டது பழைய அறிக்கையை வைத்து. அனுமதி கொடுத்ததோ புது அறிக்கையை வைத்து. புது அறிக்கை மக்கள் கைக்கு வரவில்லை, அதன் மேல் கருத்துக் கேட்பும் இல்லை. சாட்சி விசாரணையெல்லாம் முடித்துவிட்டு அதற்குப் பிறகு புதுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, அதன் பேரில் தண்டனை கொடுப்பதுபோல. இதற்கு இருவாச்சியும் வேண்டாம், பனிப்புகையும் வேண்டாம். காலண்டர் போதும்.

வாழச்சால் அம்மாவுக்கு ஆறு பக்கம் படித்துக் காட்டிய கதையைச் சொன்னேன். சிரித்தார். மனுவில் எழுதாதே என்றார். ஆனால் மறுநாள் பார்த்தால், மொழியைப் பற்றிய ஒரு பத்தி மனுவில் ஏறியிருந்தது, அவருடைய கையெழுத்தில்.

வாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சினிமாவில் வருவதுபோல யாரும் மேசையைத் தட்டவில்லை. எக்ஸிபிட் பி-3ஐப் பாருங்கள், பி-7ஐப் பாருங்கள் என்று பக்கம் திருப்புவதிலேயே பொழுது போனது. அருவி என்ற சொல் வந்த நேரத்தைவிட 'அறிக்கை' என்ற சொல் வந்த நேரம் அதிகம். பார்வையாளர் வரிசையில் சாலக்குடியிலிருந்து வந்த விவசாயிகள் மத்தியானத்துக்கு மேல் கண்ணயர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.

2006 மார்ச் 23. அனுமதி ரத்து. அறிக்கையை வெளியிட்டு, அதன் பிறகு கருத்துக் கேட்பு நடத்துங்கள் என்று உத்தரவு.

அன்றைக்கு எல்லோரும் மாலை போடாத குறை. சாலக்குடியிலிருந்து ஒருவர் ஒரு குலை நேந்திரம்பழம் அனுப்பினார். சீனியர் மட்டும் சுரத்தில்லாமல் இருந்தார். வழிமுறை தப்பு என்று ஜெயித்தால், வழிமுறையைச் சரி செய்துகொண்டு திரும்பி வருவான் என்றார். அப்படியேதான் ஆயிற்று. மூன்றே மாதத்தில், ஜூன் 15 அன்று, சாலக்குடியில் கருத்துக் கேட்பு. கூட்டம் நிரம்பி வழிந்தது. எதிர்ப்புக் குரல்தான் ஓங்கி ஒலித்தது. 2007 ஜூலை 18இல் மூன்றாவது முறையாக அனுமதி வந்தது. மக்களைக் கேட்க வேண்டும் என்றுதான் விதி. அவர்கள் சொன்னபடி செய்ய வேண்டும் என்று விதியில் இல்லை. கருத்துக் கேட்பைப் பற்றி எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

தீர்ப்பு வந்த அந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது பேப்பரில் செய்தி பார்த்திருந்த அப்பா திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டார்.

"ஏன்டா கண்ணு, அந்த ஆத்துல அணை கட்டக்கூடாதுன்னு கேஸ் போட்டிருக்கீங்களாமா?"

"ஆமாங்கப்பா."

"நம்ம தோப்புக்குத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியுமல்லோ?"

தெரியும். எங்கள் தென்னைக்குப் பாய்வது பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீர். பரம்பிக்குளம், தூணக்கடவு, மேல் சோலையாறு என்று மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய திட்டம். காண்டூர் கால்வாயில் வருவதும் அதுதான். 1970இல் இரண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்டன. அதாவது சாலக்குடி ஆற்றின் தலையிலிருந்து எடுத்த தண்ணீரில் வளர்ந்த தேங்காயை விற்றுத்தான் அப்பா எனக்கு வக்கீல் கோட்டு வாங்கிக் கொடுத்தார். பரம்பிக்குளத்திலிருந்து அந்த அம்மாவின் ஆட்களை நகர்த்திய அணையும் எங்கள் அணைதான்.

அப்பா கோபப்படவில்லை. "நாம வாங்கிக்கிட்டாச்சு. இனி மத்தவன் வாங்கும்போது வேண்டாம்னு சொல்றது அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் யாரும் கேட்காத குறுக்கு விசாரணை அது. ஆறு அணைக்கு விட்டுக்கொடுத்த ஆற்றை ஏழாவது அணையிலிருந்தாவது விட்டுவைக்கலாம் என்று பின்னால் யோசித்து வைத்தேன். ஆனால் ஏழாவதில் நிறுத்தச் சொல்கிறவன் முதல் அணையின் தண்ணீரைக் குடிக்கிறவன் என்பது எனக்குள் அப்படியே கிடக்கிறது.

மூன்றாவது சுற்று மனுக்கள் தாக்கலாயின. இனிமேல்தான் வாய்தா கதை. விசாரணை, மறுபடி விசாரணை, பென்ச் மாற்றம், வாய்தா. வருஷங்கள் ஓடின, இறுதித் தீர்ப்பு வரவில்லை. இதற்கிடையில் வெளியே காற்று மாறிக்கொண்டே இருந்தது. 2010 ஜனவரியில் ஜெய்ராம் ரமேஷ் பொறுப்பில் இருந்த சுற்றுச்சூழல் அமைச்சகம், அனுமதியை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டது. 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு, இந்தத் திட்டம் கூடாது என்று வெளிப்படையாக எழுதியது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தது. 2014இல் வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமைப் பட்டயம் கிடைத்தது. கேஸ் கட்டில் அது ஒரு தாள்தான். ஆனால் 2005இல் அது கையில் இருந்திருந்தால் நான் தேதிப் பட்டியலே போட்டிருக்க மாட்டேன். கிராம சபையின் சம்மதம் எங்கே என்ற ஒரே கேள்வி போதும். நியமகிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னதைப் படித்தவர்களுக்கு இது புரியும்.

2015இல் டெல்லி நிபுணர் குழு மறுபடி திட்டத்துக்குச் சாதகமாகத் திரும்பியது. ஆனால் 2007 அனுமதிக்கு ஆயுள் பத்து வருஷம். 2017 ஜூலையில் அது காலாவதியாயிற்று. ஒரு செங்கல்கூட வைக்காமல்.

இந்த ஆற்றுக்காக அறிக்கைகளைக் கரைத்துக் குடித்து, தண்ணீர்க் கணக்கை வரி வரியாகப் பிரித்துக் காட்டியவர் நதி ஆய்வு மையத்தின் டாக்டர் லதா அனந்தா. அவர் அதே வருஷம் நவம்பரில் காலமானார். காலாவதி ஆனதைப் பார்த்துவிட்டுப் போனார் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

2020 ஜூனில் கேரள அரசு மின்வாரியத்துக்கு மறுபடி ஏழு வருஷத்துக்குத் தடையின்மைச் சான்று கொடுத்தபோது சீனியர் உயிரோடு இல்லை. அடுத்த வருஷம், ஒருமித்த கருத்து இல்லாததால் திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று சட்டசபையில் சொன்னார்கள். கட்டை நான் இன்னும் பழைய பேப்பர்காரரிடம் போடவில்லை.

கடைசியாக வாசகருக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்டத்தில் அணையோ சுரங்கமோ ஆலையோ வருகிறது, கருத்துக் கேட்பு நடக்கிறது என்று பேப்பரில் விளம்பரம் பார்த்தால், கூட்டத்தன்று போய் மைக் பிடிப்பது இருக்கட்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது 2006 விதி. வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். முதல் நாளே போய்க் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுதி மனுவாகக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.